லொறியில் வந்த யானைகள்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். போன மாதம் மலாவியில் காடு பார்க்கப் போனபோது, யானை ஜீப்பை நெருங்கியதும் நான் சீட்டுக்கு அடியில் புகுந்து "முருகா!" என்று கத்திவிட்டேன். மனைவி எடுத்த வீடியோவில் யானையைவிட என் குரல்தான் பெரிது. இன்று இங்கே ஸ்காபரோவில், மில்லிக்கன் பக்கம் இருக்கும் அவளுடைய தம்பி வீட்டில் அதைப் போட்டுக் காட்ட, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. வேட்டைக்காரர்கள் ஒரு யானையும் மிச்சம் வைக்காத காடு அது, இவை வேறு காட்டிலிருந்து லொறியில் கொண்டுவந்து விட்டவை என்று நான் சொன்னதும், பக்கத்து நகரமான ஒஷாவாவைத் தாண்டியறியாத மச்சான் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்ப உது காடில்லை அத்தான், மிருகக்காட்சிசாலை. உதுக்கோ இவ்வளவு தூரம் போனனியள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"நீர் ஊரிலையிருந்து ஸ்காபரோவுக்கு நடந்தோ வந்தனீர்? உம்மையும் பிளேனிலை கொண்டுவந்து இறக்கினதுதான். இப்ப இது உம்மட ஊரில்லையோ? அதுகள் அங்கை குட்டியும் போட்டிட்டுதுகள். இனி அது அதுகளின்ர காடுதான்!"

மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மிதிக்கட்டும். சொன்னதில் ஒரு எழுத்தையும் திரும்பப் பெறமாட்டேன்.

மலாவியில் எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி சொன்ன ஒன்றை மட்டும் நான் மச்சான் வீட்டில் சொல்லவில்லை. கொண்டுவந்து இறக்கிய யானைகளில் ஒன்று, வேலியை உடைத்துக்கொண்டு பழைய காட்டின் திசைக்கே நடந்து போய்விட்டதாம்.