விற்றுப்போன மூன்றாவது ஆட்டம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கை கால் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். போன சனிக்கிழமை நம் கூடைப்பந்து அணி இறுதிச் சுற்றின் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு புள்ளியில் தோற்றது. ஆட்டம் நடந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியின் அரங்கில். நடந்திருக்க வேண்டியது நம் அரங்கில். அதை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர் உன் அப்பா. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அவர் உன்னிடம் போனில், அம்மா மேட்ச் தோத்ததுக்குக் கோபமா இருக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும் என்று சொன்னாராம். நீயும் அதை நம்பி, ஒரு விளையாட்டுக்காக அப்பாகிட்ட பேசாம இருக்கியே, வெளியில சொன்னா சிரிப்பாங்கம்மா என்று எனக்குப் புத்தி சொன்னாய். போனில் நான் பதில் சொன்னால் பக்கத்து அறையில் இருக்கிறவருக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் யார் பக்கம் என்று முடிவு செய்.

தோல்வி எனக்குப் புதிது இல்லை. இந்த அணியைப் பார்க்கிற யாருக்கும் அது புதிதாக இருக்க முடியாது. முந்தின வருஷம் காலிறுதியில் விழுந்தார்கள், போன வருஷம் அரையிறுதியில் விழுந்தார்கள், இரண்டு தடவையும் லீக் பட்டியலில் மேலே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் விழுந்தார்கள். லீக் ஆட்டத்தில் பார்த்தால் இவர்களை யாரும் அசைக்க முடியாது என்று தோன்றும். நாக்-அவுட் என்று சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொருவனுக்கும் கால் பின்னிக்கொள்கிறது, பந்து கைக்கு வந்ததும் சூடான பாத்திரத்தைத் தொட்டதுபோல அடுத்தவனிடம் தள்ளிவிடுகிறான். கோச் இருக்கிறாரே, அந்தப் புண்ணியவான், ஆட்டத்தை ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி டைம் அவுட் கேட்பதென்றால் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல யோசிக்கிறார். எதிரி தொடர்ந்து நாலு கூடை போட்டாகிவிட்டது, இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மிச்சம் பிடித்த டைம் அவுட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறார் என்று நான் கத்தியே கேட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன். சந்தைக்குப் போய்ப் போட்டி போட்டுத் தோற்றுத் திரும்புகிறவனை நான் குறை சொன்னதில்லை. கடையைத் திறக்காமலே சாவியை எதிர்க்கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு வருகிறவனை என்ன சொல்வது.

நம் ஏணி உனக்கு நினைவிருக்கும், பகலில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அந்த உயரமான பையன். பையன் என்ன பையன், இப்போது முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டுதான் இறங்குகிறான். அவன் நம் அரங்கில், யாரும் மறிக்காமல் போடுகிற ஃப்ரீ த்ரோவைக்கூட நேராகப் போடமாட்டான், வளையத்துக்குப் பின்னால் இருக்கிற பலகையில் அடித்துத்தான் போடுவான். நம்முடையது பழைய மரப்பலகை, இடது மூலைக்குக் கொஞ்சம் கீழே ஓர் இடம் இருக்கிறது, அங்கே பட்டால் பந்து துள்ளாமல் அப்படியே வளையத்துக்குள் விழும். அந்த இடம் நம் பையன்கள் எல்லோருக்கும் கண்ணைக் கட்டினாலும் தெரியும், வெளியூர்க்காரன் எவனுக்கும் தெரியாது. அந்தப் பக்கத்து அரங்கில் கண்ணாடிப் பலகை. கடைசி நேரம், நாம் இரண்டு புள்ளி பின்னால், ஏணியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள், இரண்டு ஃப்ரீ த்ரோ. இரும்புப் படிக்கட்டில் அவர்கள் ஆட்கள் அத்தனை பேரும் காலால் இடிக்கிறார்கள், எனக்குப் பல் கூசுகிறது. அவன் முதல் பந்தைத் தன் வழக்கப்படி பலகையில் அடித்தான், அது சுவரில் பட்டதுபோலத் திரும்பி வந்தது. இரண்டாவதை நேராகப் போட்டான், வளையத்தைக்கூடத் தொடவில்லை. அவ்வளவுதான் வருஷம். அவனை நான் திட்டவில்லை. பழகாத பலகைக்கு முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களைத் திட்டுகிறேன்.

இப்போது அது எப்படி நடந்தது என்று கேள். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயித்தவனுக்குக் கோப்பை, லீக் பட்டியலில் முதலிடம் வந்த அணிக்குத்தான் மூன்றாவது ஆட்டம் சொந்த அரங்கில். அது யாரும் தானமாகக் கொடுத்ததில்லை, வருஷம் முழுக்க ஓடிச் சம்பாதித்தது. அவர்கள் இடத்தில் முதல் ஆட்டம், தோற்றோம். நம் இடத்தில் இரண்டாவது, அடித்து நொறுக்கினோம். அதற்கு மறுநாள் அந்தப் பக்கத்துச் செயலாளர், ஜவுளிக்கடை வைத்திருக்கிறாரே அவர், ஒரு கூடைப் பழத்தோடு நம் கமிட்டியைப் பார்க்க வந்திருக்கிறார். உங்கள் அரங்கத்துக் கூரை ஒழுகுகிறது, மழைக்காலம் வேறு, நடுவில் ஆட்டம் நின்றால் விதிப்படி வெற்றி எங்களுக்கு வந்துவிடும், பிள்ளைகள் உழைப்பு வீணாகப் போகுமே என்று நமக்காக அவர் அழுதிருக்கிறார். எங்கள் அரங்கில் வைத்துக்கொள்ளலாம், கூட்டம் அதிகம் வரும், டிக்கெட் வசூலில் பாதி உங்களுக்கு, அதில் கூரையைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்றாராம். தலைவர் மருந்துக்கடைக்காரர் உள்பட கமிட்டி முழுக்கக் கையைத் தூக்கியிருக்கிறது, செயலாளர் என்ற முறையில் உன் அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். எதிரி வந்து நமக்காகக் கவலைப்படுகிறான் என்றால் அவன் எதற்காக வந்திருக்கிறான் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா. எனக்கு விஷயம் தெரிந்ததே கடைக்கு வந்த லாரி டிரைவர் சொல்லித்தான். அக்கா, மேட்சுக்கு அந்தப் பக்கம் போறீங்களா, பஸ்ல இடம் கிடைக்காது, நான் ஏத்திட்டுப் போறேன் என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டு நான்தான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் சனிக்கிழமை அவன் வண்டியில்தான் போனேன். ஆட்டத்தன்று வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை, ஒரு பொட்டு மழை இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

மகளே, உன் அம்மா என்ன விற்கிறாள். தார்ப்பாய் விற்கிறாள். தோளில் சுமந்து விற்க ஆரம்பித்து, அந்த அரங்கத்துச் சுவரை ஒட்டிய சந்தில் கடை பிடித்து, இன்றைக்கு இந்த ஊரில் எந்த லாரி நனையாமல் போனாலும், எந்தக் கிடங்கு ஒழுகாமல் நின்றாலும் அதன்மேல் என் கடைச் சரக்குதான் கிடக்கிறது. உன் அப்பா தினமும் மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறார். ஆள் உயரத்துக்கு அடுக்கிய தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவில் நடந்துவந்து டிபன் கேரியரை வைத்துவிட்டு, அதே வழியாகத் திரும்பிப்போய், கூரை ஒழுகுகிறது என்று மேட்சை எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தார். அப்புறம் சொன்னார், "உன்கிட்ட கேக்க பயமா இருந்துச்சு."

பயம் எதற்கென்றால், சீசன் ஆரம்பத்தில் மருந்துக்கடைக்காரர் உன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்து கூரைக்கு ஏதாவது செய்யுங்கள் அக்கா என்றபோது, கிளப்புக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னேனாம். சொன்னேன், மறுக்கவில்லை. இப்போது வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வியாபாரத்தில் இல்லை என்று சொல்வது பேச்சை ஆரம்பிப்பதற்கு. நான் இல்லை என்றால் நீ ஒரு விலை சொல்ல வேண்டும், நான் முகத்தைச் சுளிக்க வேண்டும், நீ எழுந்து போகிறதுபோலப் போக வேண்டும், நான் கூப்பிட வேண்டும். இத்தனை வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இல்லை என்ற வார்த்தையைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுகிற மனுஷனை நான் என்ன செய்வேன். என்னிடம் கேட்கப் பயந்தவருக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜவுளிக்காரனிடம் சரி என்று சொல்லப் பயமாக இல்லை. அன்றைக்கே, ஆட்டத்துக்கு முன்னாலேயே, நிறுத்தினேன் பேச்சை. தோற்றதற்காக இல்லை என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

அதற்குள் அடுத்த கூத்து. மேட்சுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் போட்டு, செயலாளர் கமிட்டியைத் தவறாக வழிநடத்திவிட்டார், அவரை நீக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் தீர்மானம் கொண்டுவருவதாகக் கேள்விப்பட்டேன். உன் அப்பாவுக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கையில் மிச்சம் இருக்கிற ஒரே சாவி அந்த அரங்கத்துச் சாவிதான். காலையில் போய்த் திறப்பதும், தரையைத் துடைப்பதும், தண்ணீர் பிடித்து வைப்பதும் அவர்தான், அதையும் பிடுங்கிவிட்டால் அந்த மனுஷன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் எழுந்திருக்கமாட்டார். நான் போனேன். கடைசி நாற்காலியில் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு, என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டத் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. தீர்மானத்தைப் படித்து முடித்ததும் நான் எழுந்து, அன்னிக்குத் தூக்கின கையெல்லாம் எங்க, ஒரு தடவை மேல காட்டுங்க, நானும் பாக்குறேன் என்றேன். எல்லாக் கையும் மடிக்குப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர், அக்கா, நீங்க பொண்டாட்டியா பேசறீங்க என்றார். "பொண்டாட்டியா பேசணும்னா முதல்ல அவரைத் தூக்கச் சொல்றது நானாத்தான் இருக்கும். ஒரு வாரமா நான் அவரோட பேசல, உங்க எல்லாருக்கும் தெரியும். சந்தா கட்டின ஆளா பேசறேன். நீங்க எல்லாரும் சேர்ந்து வித்தீங்க, அவர் பேரை மட்டும் எழுதிட்டு வீட்டுக்குப் போகலாம்னு பாக்காதீங்க" என்றேன். ஏணி பின்னால் நின்றுகொண்டிருந்தான், அவன்தான் முதலில், அக்கா சொல்றது சரி என்றான். விளையாடித் தோற்றவனே சொன்ன பிறகு மற்றவர்களும் தலையாட்ட ஆரம்பித்தார்கள். கடைசியில், ஒரு சீசனுக்கு அவரே இருக்கட்டும், ஆனால் அடுத்த லீக் தொடங்குவதற்குள் கூரையை மூடியாக வேண்டும், மூடவில்லை என்றால் சாவியை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று முடிவானது. நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் நடந்தார். தார்ப்பாய் நான் தருகிறேன் என்று கூட்டத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கேட்காதவர்களிடம் சரக்கை நீட்டி நான் பெரிய ஆளாகவில்லை.

இரண்டு நாள் வழக்கம்போல வந்து சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனார். நேற்று காலையில், சாப்பாட்டு நேரம் இல்லாத நேரத்தில், கையில் ஒன்றும் இல்லாமல், கடை முன்வாசல் வழியாக வந்தார். அந்த லாரி டிரைவர் சரக்குக்காக நின்றுகொண்டிருந்தான், அவனுக்குப் பின்னால் முறைக்காக நின்றார். முறை வந்ததும், அரங்கத்துக் கூரைக்குத் தார்ப்பாய் வேணும், என்ன விலை என்றார். நான் கிளப்புக்குக் கொடுப்பதில்லை என்றேன். அவர் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. கல்லாமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "சரி, கொடுக்கறதா இருந்தா என்ன விலை?" என்றார். நான் சொன்ன விலையைக் கேட்டு லாரி டிரைவருக்கு இருமல் வந்துவிட்டது. உன் அப்பா இருமவில்லை. அதில் பாதி சொன்னார். என் கடையில் என் சரக்குக்கு என்னிடமே பாதி விலை. கனம் எவ்வளவு, ஓரத்தில் எத்தனை மடிப்பு, வெயிலுக்கு வெளுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டேன், வாடிக்கையாளருக்குப் போடுகிறதுதான், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. கோபம் இன்னும் போகவில்லை, அந்த ஃப்ரீ த்ரோ கண்ணில் நிற்கிறவரைக்கும் போகாது.

நீ உன் வீட்டு வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னாய். வீட்டுக்காரர் முடியாது என்று சொன்னதும் மாப்பிள்ளை எழுந்து வந்துவிட்டாராம். மறுபடியும் போகச் சொல், இந்தத் தடவை நீயும் கூடப் போ. எந்தத் தாளாக இருந்தாலும் கடைசிவரை படித்த பிறகு பேனாவைத் திற. நாற்காலியிலேயே உட்கார்ந்து இடுப்பு வலி என்கிறாய், தினமும் கொஞ்சம் நட. கடைவாய்ப் பல்லைக் காட்டச் சொன்னேன், இன்னும் காட்டவில்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். பல்லை மறக்காதே.

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும் அம்மா

பி.கு. அப்பா போனில் தனக்குச் சாதகமாகக் குறைத்துச் சொல்லுவார், அதனால் முடிவானதை எழுதிவிடுகிறேன். தார்ப்பாய் அடக்க விலைக்கு, லாபம் கிடையாது. பாதி முன்பணம், மீதி முதல் லீக் ஆட்டத்துக்கு முன்னால். தையல்கூலி என்னுடையது, ஏற்றிக் கட்டுகிற கூலி கிளப்புடையது. தார்ப்பாய் கூரையில் இருக்கிறவரைக்கும் நமக்கு வரும் மூன்றாவது ஆட்டம் நம் அரங்கில்தான் நடக்க வேண்டும், வெளியே கொடுத்தால் லாபத்தோடு முழு விலையும் அன்றைக்கே ரொக்கமாக.