முப்பத்திரண்டாவது அடுப்பு

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். நாலரைக்கே மாரியம்மன் கோயில் மைக் செட் அலற ஆரம்பித்துவிட்டது. சாமி எழுந்ததோ இல்லையோ, ஊரில் ஒருத்தரும் தூங்கக் கூடாது என்று முடிவு. எழுந்து கோலம் போட்டேன். பனியில் விரல் விறைத்துப் புள்ளி கோணிப்போனது. அழிக்கவில்லை. யார் வந்து பார்க்கிறார்கள்.

விடிந்ததும் மேட்டு வயலுக்குப் போனேன். கதிர் பழுத்துவிட்டது. கார்த்திகை மழையில் பள்ளத்து வயலெல்லாம் மூழ்கி, ஊரே இரண்டாம் தடவை நட்டது. அவர்களுக்கு அறுப்பு மாசிக்குப் போய்விடும். ஊருக்கு முந்தி நான் முன்பட்டம் நட்டபோது "பொம்பளைக்கு என்ன தெரியும்" என்றார் இராஜாங்கம், என் வீட்டுக்காரருடைய அண்ணன். இன்று ரோட்டில் பைக்கில் போனவர் வண்டியை மெதுவாக்கி என் வயலைப் பார்த்தார். நான் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுவே நாள் முழுக்க வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

நெடுமாறன் வந்தான். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த பையன், இப்போது ஊர்க் கமிட்டிச் செயலாளர். இந்த வருஷம் ஊர்ப் பொங்கலாம். அவரவர் வாசலில் தனித்தனியாக வைக்காமல், எல்லா வீடும் கோயில் திடலில், வெட்டவெளியில், கிழக்குப் பார்த்து வரிசையாக அடுப்பு வைப்பது. நடுவில் ஊர்ப் பானை ஒன்று.

"நல்லாருக்கும்ல அத்தை?" என்றான். நல்லாத்தான் இருக்கும் என்றேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். பொங்கல் அன்றைக்கு மகள் தமிழ்நிலா வந்து வாசலில் பானை வைப்பாள், நான் கதவுக்குப் பின்னால் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் அவளுக்கு ஓசூரில் ஷிப்ட், லீவு இல்லை. ஊரோடு ஊராக நானே வைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பேர் நடுவில் யார் என்னைத் தனியாகப் பார்க்கப் போகிறார்கள்?

பரணிலிருந்து வெண்கலப் பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

டிசம்பர் 24

பால் சொசைட்டி சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறது. முப்பத்தோரு அடுப்பு, முப்பத்தோரு பெயர். மேலிருந்து கீழே படித்தேன். பிறகு கீழேயிருந்து மேலே படித்தேன்.

நெடுமாறனைப் பிடித்துக் கேட்டேன். கண்ணைப் பார்க்காமல் சொன்னான்: "உங்க வீட்டைப் பெரிய வீட்டோட சேத்தாச்சு அத்தை. ரெங்கம்மா பெரியத்தைதான் சொன்னாங்க. நல்ல நாளு, சுமங்கலிங்க வைக்கிற எடம்னு..."

எனக்கு ரேஷன் கார்டு தனி. வீட்டு வரி தனி. ஓட்டு தனி. தண்ணீர் முறை தனி. வாய்க்கால் வெட்டும்போது என் பங்குக்குத் தனி ஆள் கேட்டார்களே, அப்போது இராஜாங்கத்தின் பெரிய வீட்டோடு சேரவில்லையா நான்? அடுப்பு மட்டும் எப்படிடா சேர்ந்துபோச்சு?

இதை அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்துதான் எல்லாம் தோன்றுகிறது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

டிசம்பர் 25

ரெங்கம்மாள் பெயரை இந்த நோட்டில் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். எழுதுகிறேன். ரெங்கம்மாள், இராஜாங்கத்தின் பெண்டாட்டி, என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் இறந்த ஆறாம் மாதம், கும்பகோணத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மணமக்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். யாரோ அவசரத்தில் ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். இவள் பந்தியிலிருந்து ஓடி வந்தாள். எச்சில் கையோடு. தட்டை என் கையிலிருந்து வாங்கி, "நீ உள்ள போ மங்களம்" என்றாள். எச்சில் கை ஆகலாம், என் கை ஆகாது.

நாசமாப் போக.

டிசம்பர் 30

தமிழ்நிலா போனில். "ஏம்மா, அந்தக் கூட்டத்துல போயி நின்னாத்தான் பொங்கலா? விடும்மா." அவளுக்கு விட முடிகிறது. ஓசூரில் இருக்கிறவர்களுக்கு எதையும் விட முடியும்.

ஜனவரி 5

அறுப்பு. மெஷின் இரண்டே மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போய்விட்டது. ஊரில் முதல் நெல் என்னுடையது. களத்தில் கொட்டிக் கையால் அளைந்தபோது அழுகை வந்தது. பார்த்தவர்கள் அவரை நினைத்து அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவரை நினைக்கவில்லை. என்னை நினைத்தேன்.

ஜனவரி 8

வந்துவிட்டார் இராஜாங்கம். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் வாசல்படி ஏறினார். காப்பி வேண்டாம் என்றார், குடித்தார்.

"ஊர்ப் பானைக்குப் புது அரிசி வேணும்மா. இந்த வருஷம் யாருகிட்டயும் இல்ல. உன் வயல்லதான் அறுத்திருக்கு. ஒரு மரக்கால் கொடுத்தியன்னா நல்லாருக்கும்."

"ஊர்ப் பானையை யாரு வைக்கிறாங்க?"

"ரெங்கம்மாதான். அவளை விட்டா யாரு."

என் அரிசி ஆகும். என் கை ஆகாது. எனக்குக் காது இரண்டும் சூடேறியது. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். "தர்றேன்" என்றேன். "பன்னெண்டாம் தேதி அரைச்சுக் கொடுத்து விடுறேன்." நல்ல பெண் என்பது போல் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜனவரி 12

இன்று நான் செய்ததை இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

மில்லுக்குப் போய் ஒரு மூட்டை நெல்லைப் பச்சரிசியாக அரைத்து வந்தேன். வாசனை வீடெல்லாம் நிறைந்தது. அதை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்த ரேஷன் பச்சரிசி டின்னைத் திறந்தேன். போன வருஷத்துச் சரக்கு. வண்டு போகச் சலித்தேன், கல் பொறுக்கினேன், குருணை புடைத்தேன். மரக்கால் அளந்து புதுப் பையில் போட்டு, மில்லில் கொண்டுவந்த தவிட்டை ஒரு கை தூவிக் குலுக்கினேன். பார்த்தால் இப்போதுதான் மில்லிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

நெடுமாறன் வந்து வாங்கிப் போனான். மூக்கில் வைத்து முகர்ந்து, "வாசனையைப் பாருங்க அத்தை" என்றான். தவிட்டு வாசனை, முட்டாப் பயலே.

ஜனவரி 13

மனசு உறுத்தவில்லை. எழுதியே வைக்கிறேன், உறுத்தவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். காலை ஆறு மணிக்குத் திடலில் முப்பத்தோரு புகை. கொல்லை வேலியோரம் நின்றால் தெரிகிறது. பனி விலகாத வெளியில் பொம்பளைகள் பட்டுப்புடவையோடு குந்தி ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. பழைய சோறு இருந்தது.

ஊர்ப் பானை பொங்கியபோது குலவைச் சத்தம் வயல் தாண்டிக் கேட்டது. அப்புறம் மைக்கில் இராஜாங்கத்தின் குரல்: "நம்ம மங்களாம்பிகை வயல்ல வெளஞ்ச புது அரிசி. சூரிய பகவானுக்கு முதல் படையல்." எல்லோரும் கை தட்டினார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் உட்கார்ந்துவிட்டேன். கை தட்டினார்களே. என் பெயரைச் சொல்லித்தானே தட்டினார்கள். அதற்கு நான் அங்கே இருக்க வேண்டாமா? திருடி மாதிரி வேலிக்குப் பின்னால் நின்று கேட்கிறேனே, எனக்கு வெட்கமாக இல்லையா?

எட்டு மணிக்குத் திடலிலிருந்து தூக்குவாளியில் பொங்கல் வந்தது. ஒரு வாய் வைத்தேன். நெய்யும் முந்திரியும் கொட்டி வைத்திருக்கிறார்கள், அரிசி பழசென்று தெரியவே தெரியாது.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

கொல்லைப் பக்கமாக ரெங்கம்மாள் வந்தாள். முன்வாசல் வழியாக வந்தால் தெரு பார்க்குமே. நின்றபடியே சொன்னாள்.

"ரெண்டு சொம்புத் தண்ணி கூட வாங்குச்சு."

"என்னது?"

"உன் அரிசி. புது அரிசின்னா தண்ணி கம்மியா இழுக்கும், கொழைஞ்சு வரும். இது குடிச்சுக்கிட்டே இருக்கு. வெரவெரயா நிக்கிது. முப்பத்தஞ்சு வருசமா பானை வைக்கிறேன் மங்களம். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் அங்கேயே சொல்லல?"

"சொல்லி? நான் வச்ச பானை பொய்ப்பானைன்னு ஊரு சிரிக்கவா?" அவள் குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பயம். "சூரியனுக்குப் புதுசுன்னு சொல்லிப் பழைய அரிசியைப் படைச்சிருக்கேன். என் கையால. நெல்லெல்லாம் பயிராத்தான் நிக்கிது. ஏதாச்சும் ஆனா யாரு பொறுப்பு? ஒரு படி புதுசு கொடு. நாளைக்கு மாட்டுப் பொங்கலுக்குத் திடல்ல வச்சுப் படைச்சு, தப்பைச் சரி பண்ணிடறேன்."

"தர மாட்டேன்."

"கால்ல விழணுமா?"

"விழுங்க. ஆனா அரிசி மட்டும் வராதுக்கா. வந்தா நானும் வருவேன். பானை என்னுது, அடுப்பு என்னுது, பத்த வைக்கிறது என் கை."

"தாலியறுத்தவ கையால—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க. பாதியில நிறுத்தினா நல்லவங்களா ஆயிடுவீங்களா?"

வந்த வழியே போய்விட்டாள். நாளைக்குப் போவேன். அவள் சரி என்றாலும் போவேன், இல்லை என்றாலும் போவேன்.

ஜனவரி 16, மாட்டுப் பொங்கல்

சாயந்திரம் நாலு மணி. திடலில் மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் அடித்துக் கட்டியிருந்தார்கள். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பெண்கள் ஏழெட்டு அடுப்பு போட்டிருந்தார்கள். நான் மூன்று செங்கல்லைக் கூடையில் சுமந்துகொண்டு, இடுப்பில் பானையோடு போனேன். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. நான் நடக்கிற சத்தம் எனக்கே கேட்டது. வரிசையின் கடைசியில் கல்லை வைத்தேன்.

இராஜாங்கம் வந்துவிட்டார். "ஏம்மா, இங்க என்ன பண்ற? உனக்கு மாடு ஏது?"

வீட்டுக்குப் போனால் நூறு பதில் வரும். குனிந்து விறகை ஒடிக்கப் பார்த்தேன், ஒடியவில்லை.

"நான்தான் வரச் சொன்னேன்." ரெங்கம்மாள். அவள் மாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள். "நம்ம மாட்டுக்குப் புது அரிசி படைக்கிறதா வேண்டுதல்."

"அதுக்கு, இது போயி வைக்கிறதா? நீ வையேன்."

"மாடு வந்து உங்ககிட்ட கேட்டுச்சா, யாரு வச்சதுன்னு?" அதற்குப் பிறகு என் பக்கம் வந்தாள். "காத்து இப்படி அடிக்குது. பொகை எம்மேல வருது. அடுப்பை அந்தாண்ட தள்ளிப் போடு."

நான் தள்ளவில்லை.

பற்றவைத்தேன். பனை ஓலை முதலில் பிடித்தது, அப்புறம் விறகு. பானையில் பால் ஊற்றி, அரிசி கழுவின தண்ணீரை விட்டேன். திடலில் மாடு அசைபோடுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொங்கவே பொங்காதோ என்று பயந்தேன். அந்த நேரத்தில் எனக்கும் தோன்றியது: ஒருவேளை என் கை ஆகாதோ? இவர்கள் சொல்வது எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பொங்கியது. கிழக்கே வழிந்து கல்லில் சுரீர் என்றது.

இந்த இடத்தில் எல்லோரும் சேர்ந்து சத்தம் போட வேண்டும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. ரெங்கம்மாளைப் பார்த்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மாட்டுக் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, போங்கடி என்று நானே சொன்னேன். பொங்கலோ பொங்கல். முதல் தடவை குரல் உடைந்தது. இரண்டாம் தடவை சொன்னேன். மூன்றாம் தடவை நன்றாகக் கத்தினேன். மூன்று வருஷமாக நான் இவ்வளவு சத்தமாக எதுவும் சொன்னதில்லை.

வெந்ததும் ரெங்கம்மாள் இலையோடு வந்தாள். முதலில் ஒரு கரண்டி வாங்கி, இறங்குகிற சூரியனுக்குக் காட்டி நீண்ட நேரம் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். பாதியை மாட்டுக்குக் கொடுத்தாள். மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"வெல்லம் பத்தல" என்றாள்.

அவளைத் தவிர மூன்று பேர் வாங்கினார்கள். மற்றவர்கள் வாங்கவில்லை. இராஜாங்கம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு அப்போதே போய்விட்டார்.

ஜனவரி 17

மீதிப் பொங்கலை நானே தின்றேன். வெல்லம் சரியாகத்தான் இருந்தது. ஆரத்தித் தட்டை நான் மறக்கவில்லை, மறக்கவும் போவதில்லை.

ஜனவரி 24, சனி

மேட்டு வயலில் உளுந்து தெளித்தோம். கூலிக்குக் கீழத்தெரு மேகலா வந்திருந்தாள். போன ஆடியில் லாரி மோதிப் புருஷன் செத்துப்போனான், இருபத்தெட்டு வயசு அவளுக்கு. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இவளுக்கும் என்னோடு பேசப் பிடிக்கவில்லை போல என்று நானும் கடுகடுவென்றே இருந்தேன். மத்தியானம் வரப்பில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா, மாட்டுப் பொங்கலன்னிக்கு நான் திடலுக்கு வந்தேன். உள்ள வரல. தேர்க்கொட்டகைக்குப் பின்னாடி நின்னேன்."

"சரி."

"நீங்க மூணாந்தடவை சொன்னீங்கள்ல, அப்ப நானும் சொன்னேன். ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

தண்ணீர் குடித்தேன்.

"கேக்கலடி" என்றேன். "அடுத்த வருசம் பக்கத்துல வந்து நின்னு சொல்லு."