விரிப்பின் மறுமுனை

மார்ச் 4

இல்லை, இது என் பிடிவாதம் இல்லை. அந்த இடைவெளி நிஜமாகவே இருக்கிறது. பாட்டின் ஒவ்வோர் ஈரடிக்கும் பிறகு மடிப்பு அக்கா நிறுத்துகிறார். மூச்சு வாங்குவதற்கு அல்ல. மூச்சுக்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். நீராவி, ஈரம், இயந்திர இரைச்சல். படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே பாடுகிறார். தொழிற்பாடல் ஆய்வு என்று நான் அலைந்த அலைச்சலுக்கு உயிரோடு கிடைத்தது இது ஒன்றுதான். மற்ற இடங்களில் "பாட்டா? அதான் போன்ல வருதே" என்றார்கள்.

வெள்ளைத் துணி விரிச்சு வெச்சேன்
யாரு வந்து படுப்பாரோ—

பிறகு மௌனம். பிறகுதான் அடுத்த ஈரடி.

மார்ச் 9

ஆய்வு வழிகாட்டி கண்ணை மூடிக்கொண்டு பதிவைக் கேட்டார். "அந்த மௌனம்தாம்மா உன் அத்தியாயம். மாசக் கடைசிக்குள்ள குடு. இல்லேன்னா நீட்டிப்புக் கிடைக்காது, சொல்லிட்டேன்."

தலைப்பு வைத்துவிட்டேன்: மரணத்தின் முன் மௌனம்.

மார்ச் 12

எழுதி முடித்தேன். நன்றாக வந்திருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17

ஏன் நிறுத்துகிறீர்கள் என்று மடிப்பு அக்காவிடம் நேராகவே கேட்டேன்.

"நானா? நான் எங்க நிறுத்துறேன்?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கித் தனியாக மடித்தார். மற்ற மேசைகளில் இரண்டிரண்டு பேர். இத்தனை நாள் இதை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். எழுதவில்லை.

மார்ச் 20

சே.

இஸ்திரிப் பகுதி கொஞ்சம் அமைதி என்று அங்கே உட்கார்ந்து பதிவை ஓடவிட்டேன். ஹெட்போன் வயர் கழன்றிருந்தது தெரியவில்லை. பாட்டு வெளியே கேட்டது. யாரு வந்து படுப்பாரோ— மௌனம். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா, தலை நிமிராமல், சரியாக அந்த இடத்தில்:

யாரு வந்து படுத்தா என்ன
நீ மடிச்சா கோணல்தானே!

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவர் மட்டும் கை சுட்டதுபோல் நின்றார். "அந்தக் கருமத்த நிறுத்து பொண்ணே."

ரெக்கார்டர் பாடிக்கொண்டிருந்தது, பதியவில்லை. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாது அது.

மூட்டை தூக்குபவர்தான் பிறகு சொன்னார். இஸ்திரி அக்கா, மடிப்பு அக்காவின் நாத்தனார். முன்பெல்லாம் ஒரே விரிப்பின் இரண்டு முனையும் இவர்கள்தான். அண்ணன், அதாவது மடிப்பு அக்காவின் கணவர், வீட்டைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போனதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. நாத்தனார் இஸ்திரிக்கு மாறிவிட்டார்.

மரணமாம். மௌனமாம். கோணல்!

மார்ச் 23

நாத்தனார்: "அவங்க வந்து கூப்பிடட்டும்."

மடிப்பு அக்கா: "முனைய விட்டுட்டுப் போனது அவ. அவளே வந்து பிடிக்கட்டும்."

இரண்டு மேசைக்கும் நடுவே நடந்து நடந்து கால் வலிக்கிறது. முதுகலை படித்தது தூது போகத்தானா? இவர்களைச் சேர்த்துவைப்பது என் வேலை இல்லை. எனக்கு வேண்டியது பாட்டு— எழுதும்போதே கூசுகிறது.

மார்ச் 26

வழிகாட்டியிடம் சொல்லிப் பார்த்தேன். "பதிவுல இல்லாதத எப்படிம்மா எழுதுவே? மௌனத்தோடயே குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே சார்.

சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன ஜென்மம் நான்.

மார்ச் 28

அறைத்தோழி: "தூக்கத்துல பாடுறடீ. அதுவும் பாதிப் பாட்டு."

மார்ச் 30

நாளை கொடுக்க வேண்டும். அச்செடுத்துவிட்டேன். பையில் வைத்துக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனேன். எதற்கு? தெரியவில்லை.

மடிப்பு அக்கா வழக்கம்போலத் தாடையில் துணியை இடுக்கிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. முனையை வாங்கிப் பிடித்தேன். அவர் பாடினார். மௌனம் வந்தது. யாரு வந்து படுத்தா என்ன என்று ஆரம்பித்துவிட்டேன்! சுருதி இல்லை, வேகம் இல்லை. முனை கையிலிருந்து நழுவியது. அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். மறுபடியும் பாடினேன். முதல் தடவையே தேவலை.

"ஐயோ, பாட்டக் கொல்றாளே!"

இஸ்திரி மேசையிலிருந்து நாத்தனார். விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்த முனையைப் பிடுங்கினார். "தள்ளு பொண்ணே. அண்ணி இழுக்கிற இழுப்புக்கு நீ தாங்க மாட்டே."

அக்கா விரிப்பை உதறினார். பாடினார். இடைவெளியே இல்லை. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஏறிக்கொள்கிறார். எனக்கு எழுதிக்கொள்ளக்கூட அவகாசம் தராத திட்டு.

ரெக்கார்டரை எடுக்கப் பைக்குள் கை போனது. அப்போதுதான் தீய்ந்த வாடை. நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஓடினேன்.

மார்ச் 31

வழிகாட்டிக்கு எழுதிவிட்டேன்: அத்தியாயம் தவறு, கொடுக்கவில்லை. பதில் இல்லை. நீட்டிப்பும் இருக்காது.

சலவைக்கூடத்துக்குப் போனேன். இருவரும் ஒரே மேசையில். பதிந்துகொள்ளலாமா என்று கேட்டேன்.

"மொதல்ல அந்தக் குவியல முடி," என்றார் நாத்தனார். "இஸ்திரிக்கு ஆள் இல்ல. உன்னாலதான்."

ரெக்கார்டரை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியைச் சூடாக்கினேன்.