நான் வந்தால் நிற்கும் பேச்சு

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் அதேதான். லோர்னா அக்கா வீட்டுக் கதவைத் திறந்தேன், சமையலறையில் பேச்சு பட்டென்று நின்றது. உள்ளே அக்காவும் அவள் புருஷன் ரோரியும்தான். அதுவரை காரசாரமாகப் போய்க்கொண்டிருந்தது, வாசலிலேயே கேட்டது. என்னைக் கண்டதும் ரோரி ஜன்னல் பக்கம் திரும்பி, "பனிக்கட்டி இன்னும் வளைகுடாவை விட்டுப் போகல, பாரு" என்றான். எனக்குத் தெரியாதா? அந்த வழியாகத்தானே வந்தேன்.

இரண்டு கவிதைத் தொகுப்பு, மூன்று நாவல் எழுதியாகிவிட்டது, ஊர்க்கதையை வைத்தே. நான் நுழைந்தால் பேச்சு நிற்பது இந்த ஊரில் பழகிப்போன விஷயம். தபால் நிலையத்தில் நிற்கும், மாதா கோயில் வாசலில் நிற்கும். லோர்னா வீட்டில் மட்டும் நின்றதில்லை. அவளுடைய முதல் கல்யாணம் முறிந்த கதையை அப்படியே முதல் நாவலில் எழுதினேன். அப்போதுகூட, "மூக்கைக் கொஞ்சம் சின்னதா எழுதியிருக்கலாம்டி" என்றதோடு சரி.

அப்படியானால் இப்போது என்ன?

மார்ச் 15

மீன் கட்லெட், அவித்த பீன்ஸ். லோர்னா சாப்பிடவில்லை, தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள்ளும் தலையில் கம்பளிக் குல்லா. கேட்டால் குளிருதாம். அடுப்பு கனன்றுகொண்டிருக்கிறது, எனக்கோ வியர்க்கிறது. என்மேல் ஏதோ கோபம். சீக்கிரம் கிளம்பு என்பதை இப்படிக் காட்டுகிறாள்.

கோபம் என்றால் அந்தக் கவிதைதான். போன அக்டோபரில் அவளாகவே சொன்னாள்: அப்பாவுக்குக் கிளேஸ் பே என்கிற ஊரில் ஒரு பெண் இருந்தாள், வலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேதான் போவார் என்று. "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றாள். விடவில்லையே. ஒரு பத்திரிகைக்குக் கவிதை அனுப்பினேன், அவ்வளவுதான். அதில் யார் பெயரும் கிடையாது. டிசம்பரில் வந்தது. படித்தாளா, இல்லையா? வாயே திறக்கவில்லை.

மார்ச் 24

டொரோண்டோவிலிருந்து எடிட்டர் ஹானா போன் செய்தாள். கிளேஸ் பே பெண்ணை வைத்து நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் முதல் பாதியைப் படித்துவிட்டாளாம். "நீ இதுவரைக்கும் எழுதுனதெல்லாம் இதுக்கு ஒத்திகை" என்கிறாள். ஹானா புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இன்று வரவில்லை. மதியம் முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

"இந்த வருஷம் யாரையும் கூப்பிடலடி, அலுப்பா இருக்கு" என்று சொல்லியிருந்தாள். சரி, நான் சுட்ட ஆப்பிள் பை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். வாசலில் வரிசையாகக் கார்கள். சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் வந்திருக்கிறார்கள்.

காரை நிறுத்தாமல் திரும்பிவிட்டேன். ஆப்பிள் பையை நானே தின்றேன். வயிறு எரிகிறது, பையினால் அல்ல.

ஏப்ரல் 21

துறைமுகத்தில் கேள்விப்பட்டேன்: ரோரி இந்தப் பருவத்துக்குப் படகை ஒன்றுவிட்ட தம்பியிடம் கொடுத்துவிட்டானாம். சிங்கி இறால் பிடிக்க ரோரி போகாத மே மாதமா! காய்ச்சலோடு போனவன், கை உடைந்தபோதும் போனவன். அதுமட்டுமா, ஜனவரியிலிருந்து அடிக்கடி ஹாலிஃபாக்ஸ் நகரத்துக்குப் போகிறான். போனால் ராத் தங்கல்.

கடலை விட்டுவிட்டு ஒரு மீன்பிடிக்காரன் ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போகிறான் என்றால் எதற்கு? பொம்பளை. அப்பா மாதிரியே. பாவம் லோர்னா, வெட்கத்தில் என்னிடம் மறைக்கிறாள்.

நாவலின் இரண்டாம் பாதிக்கு இது — சீ. எழுதாதே. எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 26

ரோரி விறகு வெட்டப் போன நேரம் பார்த்துப் போனேன்.

"ரோரி விஷயம் எனக்குத் தெரியும்" என்றேன்.

"என்ன தெரியும்?"

"ஹாலிஃபாக்ஸ்ல யாரோ இருக்கா."

இருமல் வரும்வரை சிரித்தாள். "ஆமாண்டி, இருக்கா. டாக்டர். பாக்கறது என்னை." குல்லாவைக் கழற்றினாள். ஒரு முடி இல்லை.

மார்பில் கட்டி. ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். தபால்காரிக்குக்கூட. ஈஸ்டருக்கு எல்லாரும் அவளைப் பார்க்கத்தான் வந்தார்களாம்.

"எல்லாருக்கும் சொன்னே. எனக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"அப்பாவுக்குக் கிளேஸ் பேயில யாரும் கிடையாது. அவரு வலை வாங்கத்தான் போனாரு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "அக்டோபர்லயே கட்டி கையில தட்டுப்பட்டுச்சு. முதல்ல உங்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன். எதுக்கும் ஒரு பொய்யைச் சொல்லிப் பாப்போம்னு சொன்னேன். ரெண்டே மாசம், அச்சுல வந்துடுச்சு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. சொந்தத் தங்கச்சிக்குப் பொறி வைப்பாளா ஒருத்தி? என்ன மனுஷி இவ! — முதல்ல எங்கிட்டதான் சொல்லணும்னு இருந்தாளாம். முதல்ல எங்கிட்ட. அழுகை அழுகையா வருது.

ஏப்ரல் 27

அப்பா வலை வாங்கத்தான் போனார்.

மே 4

ஹானாவிடம் விஷயத்தைச் சொல்லி, நாவல் வேண்டாம் என்றேன். நோயைச் சொல்லவில்லை, பொய்யை மட்டும். "பொய்யா? இன்னும் நல்லதாப் போச்சு. ஏமாத்துற அக்கா, ஏமாந்த எழுத்தாளர். அதையும் உள்ள கொண்டு வா" என்கிறாள். அவள் சொல்வது சரிதான், அதுதான் பயமாக இருக்கிறது. போனை வைப்பதற்குள் என் மனசு முதல் வரியைக் கட்டிவிட்டது. நல்ல வரி. இங்கே எழுதப் போவதில்லை.

"மனசு ஆறின பிறகு பேசலாம்" என்றாள். நான் ஆறித்தான் இருக்கிறேன். இதைக் கைவிட்டால் அடுத்து எழுத எனக்கு எதுவும் கையில் இல்லை. இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும்?

மே 10

லோர்னாவிடம் போய் நாவலைக் கைவிட்டதைச் சொன்னேன்.

"நம்பலாமா?"

"எனக்கே தெரியல" என்றேன். அந்தப் பதில்தான் அவளுக்குப் பிடித்தது போலிருக்கிறது, தேநீர் ஊற்றினாள்.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வரட்டுமா?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள். போலீஸ்காரி மாதிரி.

"வா. ஆனா கதை கிடையாது, கவிதை கிடையாது. ஒரு வரி கிடையாது."

"டைரி?"

"டைரிலதாண்டி எல்லாம் ஆரம்பிக்குது."

மே 13

ஹாலிஃபாக்ஸ் போய் வந்தோம். மழை. ரோரி ஓட்டினான், நாங்கள் இருவரும் பின்சீட்டில். லோர்னா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.