உணர்வில்லாத காலுக்கு மின்சாரம் கூட்டியது குறித்து

அனுப்புநர்:
பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரி,
கடைவீதி, பழைய பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள்,
சுகாதாரத் துறை அலுவலகம்.

பொருள்: கடைவீதி வலி நிவாரண மையத்தில், மரத்துப்போன காலைச் சோதிக்காமல் மின் தூண்டல் கொடுத்தது, அந்த இயந்திரத்தின் பலன் பற்றித் துறையின் விளக்கம் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தலையில் சுமந்து வாளியும் குடமும் விற்று, பிறகு கடை போட்டவன் நான். கல்லாவில் உட்காருவது என் மனைவி. உட்கார்ந்து உட்கார்ந்தே அவளுக்கு இடுப்பில் வலி கண்டு, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்கியது. எதிர்ச் சாரியில் மாடியில் இருக்கும் மேற்படி மையத்துக்குப் போகத் தொடங்கினோம்.

2. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் பலன் இருந்தது. தோலில் பட்டைகளை ஒட்டிக் குமிழைத் திருகினால் எறும்பு ஊர்வதுபோல இருக்கும் என்றார்கள், இருந்தது. இயந்திரம் ஓடும்வரை வலி அடங்கியது. படி இறங்கிச் சாலையைக் கடப்பதற்குள் சில நாள் திரும்பிவிடும். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அவள் முகம் தெளிந்திருக்கும். அதன் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை.

3. சென்ற மாதம் கால் மரத்தது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்தாள். மையத்தில் பட்டை ஒட்டியபோது, "எறும்பே ஊரலையேம்மா, மிஷின் ஓடுதா?" என்று கேட்டாள். அங்கிருந்த பெண், "உங்களுக்குப் பழகிப்போச்சுக்கா, கொஞ்சம் கூட்டுறேன்" என்று கூட்டினார். அப்போதும் தெரியவில்லை, மறுபடியும் கூட்டினார். காலில் உணர்வு இருக்கிறதா என்று பஞ்சால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பட்டையை உரித்தபோது அடியில் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. அவளோ, "வலிக்கவே இல்லைங்க" என்று சிரித்தாள்.

4. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருக்கிறது, பாதத்தைத் தூக்கும் பலம் குறைந்து வருகிறது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் பாதம் தொங்கியே போகலாம் என்றார் மருத்துவர். மின் தூண்டலைப் பற்றிக் கேட்டதற்கு, "சிலருக்கு ஓடுற நேரத்துல வலி குறையும். எல்லாருக்கும் கேக்கும்னோ, ரொம்ப நாள் நிக்கும்னோ அடிச்சுச் சொல்ல ஆதாரம் பத்தாது. நசுங்குன நரம்பை அது விடுவிக்காது" என்றார்.

5. மையத்தின் வாசலிலோ, 'நரம்பு வலிக்கு நிரந்தரத் தீர்வு, ஆபரேஷன் வேண்டாம்' என்று பலகை தொங்குகிறது. புண் ஆறட்டும், திங்கட்கிழமை அடுத்த சுற்றைத் தொடங்கலாம் என்று பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். கத்திக்குப் பயந்த என் மனைவி அதற்குக் கிளம்பி நிற்கிறாள். தடுத்தால், "சரக்கு வாங்கப் போற இடத்துல, பளிங்கு மாதிரி இருக்கிற வாளியையே பிடி சரியில்லன்னு சொல்லித்தானே விலையைக் குறைப்பீங்க? இப்ப மிஷினுக்கு வந்துட்டீங்களா?" என்கிறாள். மருத்துவர் சொன்னாரே என்றால், "நீங்க முன்னாடியே போய்ப் பேசியிருப்பீங்க" என்கிறாள். ஐயா, கொள்முதலுக்குப் போன இடமெல்லாம் கூடவே வந்தவள் அவள். எந்தச் சரக்கையும் நான் நல்லது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. இந்த ஒன்றில் நான் பேரம் பேசவில்லை என்று எப்படி நம்ப வைப்பது?

6. மையத்தை இழுத்து மூடும்படி நான் கேட்கவில்லை. அங்கே ஆறுதல் பெறுகிறவர்கள் இருக்கலாம். மருத்துவர் பார்க்காமலும் உணர்வைச் சோதிக்காமலும் யாருக்கும் பட்டை ஒட்டக் கூடாது என்று உத்தரவிடுங்கள். அந்தப் பலகையை இறக்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்கு முன்பாகத் தங்கள் அலுவலர் ஒருவரை ஆய்வுக்கு அனுப்புங்கள். வருகிறவர் அப்படியே எங்கள் கடைக்கும் ஏறி, அந்த இயந்திரம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று என் மனைவியிடம் நேரில் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருந்தால் அவள் நம்பமாட்டாள். அவர் பேசி முடிக்கும்வரை நான் தெருவில் நின்றுகொள்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: கடைவீதி
நாள்: வியாழக்கிழமை

(ஒப்பம்)
பிளாஸ்டிக் கடைக்காரர்