வயிறு இல்லாமல் கை நனைக்கப் போனது

2025 ஜூலை 8, செவ்வாய்

இன்று ஒன்றரை இட்லி உள்ளே போயிற்று. ஐம்பது நிமிடம். எதிரில் என் வீட்டுக்காரர் அன்பழகன் பரீட்சை ஹால் வாத்தியார் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவர் போனில் சேவல் கூவும். கூவினால் நான் சாப்பிட வேண்டும். பெரம்பலூரிலேயே ஒரு நாளைக்கு ஆறு தடவை விடிகிற வீடு எங்களுடையதுதான்.

கேன்சர் என்று வயிற்றை முழுசாக எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. குடலை மேலே இழுத்துத் தைத்திருக்கிறாராம் டாக்டர். முப்பது வருஷமாக நானும் தையல்காரி. உள்ளே ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடித்தாரா என்று கேட்க வாய் வரை வந்தது.

ஜூலை 11, வெள்ளி

கடையைத் திறந்தேன். முதல் ஆளாக பாக்யலட்சுமி டீச்சர். "அக்கா, பாதியா எளைச்சுட்டீங்க. என்ன டயட்டு?" வாயில் வந்ததைச் சொன்னேன்: "கொள்ளு ரசம்." அவள் போனில் குறித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் அபிநயாவுக்கு ஜெயங்கொண்டத்தில் மாப்பிள்ளை பேசுகிறோம். பெண்ணின் அம்மாவுக்குக் கேன்சர் என்று ஒரு வார்த்தை பஸ் ஏறிப் போனால், நாளைக்கு மகளுக்கும் வரும் என்பார்கள். சம்பந்தம் முறிந்துவிடும். அதனால் அவர்களிடம் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அபிநயாவுக்கு இந்தப் பொய் பிடிக்கவில்லை. இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

என் ஜாக்கெட்டையே நாலாவது தடவை உள்ளே பிடித்துத் தைத்தேன். இனியும் பிடிக்கத் துணி இருக்கிறது, ஆள்தான் இல்லை.

ஜூலை 16, புதன்

குளிக்கும்போது தழும்பைப் பார்த்தேன். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புளைத் தாண்டிப் போகிறது. எனக்கு ஏன்? நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்? பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதையாவது பாப்பேனா — பாத்ரூமிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குள் சேவல் கூவிவிட்டது. "செங்கமலம், முட்டை ஆறுது" என்று கதவைத் தட்டுகிறார். இந்த வீட்டில் நிம்மதியாக அழக்கூட முடியாது.

ஆகஸ்ட் 20, புதன்

ஆடி முடிந்ததும் ஜெயங்கொண்டத்திலிருந்து போன் வந்துவிட்டது. எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கை நனைக்க வேண்டுமாம். இதுவரை அவர்கள் வீட்டில் நாங்கள் தண்ணீர் தவிர எதையும் தொட்டதில்லை. சாப்பிட்டால் சம்மதம். இலையில் அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம். ஒன்றரை இட்லிக்காரி முழு இலையை என்ன செய்வேன்?

அன்பழகன் ஒரு திட்டம் சொன்னார். "நான் ஒம் பக்கத்துலயே உக்காந்துக்குறேன். அப்படியே என் எலைக்குத் தள்ளி விட்டுடு." இவ்வளவு ஆசையாக அவர் எந்தப் பொறுப்பையும் ஏற்றதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆண்களுக்குக் கூடத்தில் பந்தி, பெண்களுக்கு உள்ளறையில். போயிற்று திட்டம்.

மாப்பிள்ளையின் அம்மா பெரியம்மாள் தன் கையாலேயே எல்லாம் சமைத்திருந்தார். முந்திரிக் காட்டுக்காரர்கள். ரசம் ஒன்றில்தான் முந்திரி இல்லை. நான் பொரியலை அப்பளத்துக்கு அடியில் ஒளித்தேன். அவர் இன்னொரு அப்பளம் வைத்தார். அதன் அடியில் கூட்டை ஒளித்தேன். கடைசியில் பாயசம். "இனிப்பு வாயில வச்சாத்தான் நெறைவு, சம்பந்தியம்மா." வயிற்றை எடுத்த பிறகு இனிப்பு எனக்கு ஆகாது. அபிநயாவை நினைத்துக்கொண்டு ஒரு டம்ளரையும் குடித்துவிட்டேன்.

பத்தே நிமிடம். வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, இலைக்குப் பக்கத்திலேயே சரிந்துவிட்டேன். "பாயசத்துல என்னத்தப் போட்ட?" என்று யாரோ பெரியம்மாளைக் கேட்டது காதில் விழுந்தது. அவர் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா படுத்திருக்க முடியவில்லை.

"அவங்க சமையல்ல ஒரு கொறையும் இல்லீங்க. எனக்கு வயிறே கெடையாது. கேன்சர்னு எடுத்துட்டாங்க. மறைச்சது நாந்தான்."

மாப்பிள்ளையின் பெரியப்பா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்து, "அப்ப சாப்புட்டதெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போன் இல்லை. கெடுத்துட்டேன். எம் பொண்ணு வாழ்க்கையை என் வாயாலயே கெடுத்துட்டேன்.

அபிநயா வந்து மடியில் படுத்துக்கொண்டாள். "நடந்தா நடக்கட்டும், இல்லாட்டிப் போவட்டும். இப்பத்தான்மா எனக்கு மூச்சு வருது."

ஆகஸ்ட் 30, சனி

டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். போகும்போது வாசலில் நின்று, "அப்ப நான் அம்பது நாளா குடிச்ச கொள்ளு ரசம்?" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

பெரியம்மாள் வந்தார். தனியாக, அரியலூரில் பஸ் மாறி.

"மறைச்சது தப்புத்தான். ஆனா பத்து நாளா எனக்குத் தூக்கமே இல்ல. ஒங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? எங் கையால குடுத்த பாயசமாச்சே" என்று அழுதார். நானும் அழுதேன். அன்பழகன் இரண்டு பேருக்கும் டவல் கொண்டுவந்தார், ஒரே டவல்.

அப்புறம் பெரியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பையன் அபிநயாதான்னு நிக்கிறான். எங்க வூட்டுக்காரருக்குத்தான் யோசனை. அவரை நான் பாத்துக்குறேன். நீங்க என்னென்ன திங்கலாம், அதைச் சொல்லுங்க."

நவம்பர் 12, புதன்

ஸ்கேன் சுத்தம். அன்பழகன் டாக்டர் காலில் விழப்போய் மேஜையில் இடித்துக்கொண்டார். கட்டு அவருக்குத்தான் போட்டார்கள்.

2026 ஜனவரி 28, புதன்

தாலி ஏறியது. பார்த்தேன். பக்கத்தில் நின்று கண்ணாரப் பார்த்தேன்.

பெண்ணின் அம்மா கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம். பெரியம்மாள் என்னை இழுத்துப்போய் முதல் பந்தியில் உட்கார வைத்தார். பக்கத்தில் அவரும் உட்கார்ந்துகொண்டார். பந்தி மாறியது, ஆட்கள் மாறினார்கள், மேஜைக் காகிதம்கூட மாறியது. இலை எடுக்க வந்தவர்களிடம், "அவங்க இன்னும் சாப்புடுறாங்க, போப்பா" என்று ஒவ்வொரு தடவையும் அவர்தான் சொன்னார். நான் மென்றுகொண்டே இருந்தேன்.

முதல் பந்தியில் உட்கார்ந்தவள், கடைசிப் பந்தியோடு எழுந்தேன்.