தலைகீழாய் நிற்கிறவன்

என் ரூத் அக்காவுக்கு,

நேற்று உங்கள் தூணில் கோடரி விழுந்தது. பயப்படாதீர்கள், தூண் நிற்கிறது.

கனடாவின் மேற்குக் கரையில் உங்கள் சனம் குலத்தின் கதையை மரத்தில் செதுக்கி நடுவார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். தீங்கு செய்தவனை வெட்கப்படுத்தவும் ஒரு தூண் நடுவார்களாம். அவன் ஊரறிய ஒப்புக்கொண்டால்தான் அது இறங்குமாம்.

கரடியும் காகமும் ஓநாயும் செதுக்கிய உங்கள் வலது கையை உங்கள் புருஷன் ஆர்னே சுத்தியலால் நொறுக்கினான். பனியில் வழுக்கி விழுந்தாள் என்றான். எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் இடது கையால் அவனைத் தலைகீழாகச் செதுக்கி, இங்கே குரோருட் என்கிற இந்தப் பனி ஊரில், நம் குடியிருப்பு முற்றத்திலேயே நட்டீர்கள். அவன் சுத்தியலைத் தூக்கிய அன்றைக்கு நீங்கள் கடித்துப் பிய்த்த அவன் காதையும் விடாமல் செதுக்கினீர்கள்.

எங்கள் சனத்துக்கு அது விளங்கினால்தானே! மன்னார் மரியதாஸ் அண்ணர் அதைப் பார்த்தவுடன் புனிதர் இராயப்பர் என்று நினைத்து மெழுகுதிரி கொளுத்திவிட்டார்.

"இராயப்பரையும் தலைகீழாத்தானே சிலுவையில அறைஞ்சவங்கள்!"

கைக்கு மறுபடியும் கத்தி வைக்க நீங்கள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொன்னபோது எப்படிச் சிரித்தீர்கள். சிரித்து முடித்து, "அவன் சொல்லும்வரை இறக்க விடாதே" என்றீர்கள். நீங்கள் கேட்டது அது ஒன்றுதான்.

நேற்றுப் பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்த நேரம் ஆர்னே கோடரியோடு வந்தான். முதல் வெட்டு மரக் கழுத்தில் விழுந்தது. நான் பனி அள்ளும் மண்வாரியோடு ஓடி அவன் தோளில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அது பாவமா?

மரியதாஸ் அண்ணர் அவன் கழுத்தைப் பிடித்துத் தூணோடு நெரித்தார்.

"டேய், இராயப்பரிலயோ கை வைக்கிறாய்?"

"அண்ணை, அது இராயப்பர் இல்லை. அது இவன்தான். ரூத் அக்காவின்ர கையை உடைச்சவன்," என்றேன் நான்.

அண்ணர் மரக்காதைப் பார்த்தார். அவன் காதைப் பார்த்தார். தான் கொளுத்திவைத்த திரிகளையெல்லாம் சப்பாத்துக் காலால் மிதித்து நசித்தார்.

"சொல்லடா," என்றார். சனம் முழுக்கச் சுற்றி நின்றது.

"அவள் வழுக்கி விழுந்தவள்," என்றான் ஆர்னே. தூணில் இடிபட்ட வாயில் இரத்தம் வழிந்தது. அப்போதும் அதையேதான் சொன்னான்.

என்ன மனிதன் அக்கா இவன்? இவனோடு எப்படி இத்தனை வருடம் இருந்தீர்கள்?

என்னைப் பொலிஸ் விசாரிக்கிறது. நான் வழுக்கி விழுந்தான் என்று சொல்லவில்லை. அடித்தேன் என்றுதான் சொன்னேன். அந்த வெட்டை மெழுகு வைத்து அடைக்க மாட்டேன், அது அவன் கழுத்திலேயே கிடக்கட்டும். அவன் தன் வாயால் சொல்லும்வரை அவன் தலை மண்ணில்தான் இருக்கும். மண்வாரியைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. இன்றைக்குப் புதிது வாங்கிவிட்டேன்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
செல்வி